சுகந்தியைப் பார்த்த இடங்கள்

உக்காருங்க சார், உக்காருங்க. அந்த மூட்டையை என் கால்கிட்டயே வையுங்க, பரவால்ல. சாமையா? நல்லது, மலைச் சாமைன்னா சோறு நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க. வேலூர் வரைக்கும்தானே? நானும் வேலூர்தான். அங்க எறங்கி ராணிப்பேட்டை பஸ் புடிக்கணும்.

இல்லை சார், ஒடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. மூஞ்சியே அப்படித்தான். என் வூட்டுக்காரி போனதுலருந்து இப்படித்தான் கீது. நாலு வருஷம் ஆச்சு. பாக்கறவங்க எல்லாரும் இன்னா ஆச்சுன்னு கேக்கறாங்க, ஒண்ணும் ஆவலைன்னு சொல்றேன்.

சும்மா சுத்திப் பாக்கத்தான் வந்தோம். காலையில வேலூர் கோட்டை, மத்தியானம் இங்க அமிர்தி மிருகப் பூங்கா. சுத்திப் பாக்க வந்தோம்னு சொல்றதுதான் வழக்கம். உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா, எறங்கினா நீங்க யாரோ நான் யாரோ. என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தாங்க சார்.

வூட்டுக்கு வரச் சொல்றதில்லை. வந்து பாத்துட்டு வேணாம்னு போய்ட்டா தெருவே பேசும். எத்தனை தடவை சொக்காயைப் போட்டுக்கினு நிக்கறது, எத்தனை தடவை பக்கத்து வூட்டுல நாற்காலி வாங்கறது. அதனால பொது இடமா சொல்லிடறது. கோட்டைக்கு நாங்க போறோம், அவங்களும் வராங்க. கோயில் கொடிமரத்துகிட்ட, "அட, நீங்களா, எங்க இந்தப் பக்கம்?" அப்படின்னு கேட்டுக்கறது. புடிச்சா மேல பேசறது. புடிக்கலைன்னா கோட்டை பாக்க வந்தோம், பாத்தோம், போனோம். யாருக்கும் ஒரு அசிங்கம் இல்லை.

எட்டு தடவை "அட, நீங்களா" சொல்லியாச்சு சார். ஆற்காடு டெல்லி கேட் ஒரு தடவை. செஞ்சிக் கோட்டை ஒரு தடவை. வண்டலூர் ஒரு தடவை, ஒட்டகச்சிவிங்கிகிட்ட. வேலூர் கோட்டை இன்னையோட அஞ்சு. கம்பெனியில கூட வேலை செய்யறவங்கல்லாம் நெனைக்கறாங்க, ஏகாம்பரத்துக்கு ஊர் சுத்தறதுல ரொம்ப ஆசைன்னு. லீவு கேட்டாலே, "இந்தத் தடவை எந்தக் கோட்டை?" அப்படிங்கறாங்க.

தங்கச்சி பேரு சுகந்தி. முப்பத்தாறு முடிஞ்சு போச்சு. ஷூ கம்பெனியில தையல் செக்ஷனுக்கு சூப்பர்வைசர். அவளுக்குக் கீழ நாப்பது பொம்பளைங்க. காலையில நாலரைக்கு எழுந்து மூணு பேருக்கும் டப்பா கட்டி, என் பொண்ணுக்கு ரெட்டைப் பின்னல் பின்னி, ஸ்கூல் வண்டி ஏத்திட்டு ஏழு மணி ஷிப்டுக்குப் போவா. என் பொண்ணு தர்ஷினி, பத்து வயசு. எனக்கு ஒரு கொறை வெச்சதில்லை சார் என் தங்கச்சி. சட்டையைக் கூட இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வெச்சிருப்பா.

அப்படிப்பட்ட பொண்ணுக்கு ஏன் அமையலைன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. நேரம், வேற இன்னா சொல்றது. நம்ம கையில இன்னா இருக்கு? நான் பண்ணாத முயற்சி இல்லை.

என் வூட்டுக்காரி இருந்தப்ப ஒரு இடம் படிஞ்சு வந்துச்சு. அது ரெண்டாவது தடவை. இதே வேலூர் கோட்டைதான். அவதான் எல்லாம் பேசுவா, நான் பின்னாடி கைய கட்டிக்கினு நிப்பேன். பையன் வூட்டுல தட்டு மாத்தறதுக்கு நாள் கூடப் பாத்துட்டாங்க. அதுக்குள்ள என் வூட்டுக்காரிக்கு மஞ்சக்காமாலை. பதினேழு நாள்ல போயிட்டா. அவங்க ஒரு வருஷம் காத்திருக்க மாட்டோம்னுட்டாங்க. அதுக்கப்பறம் வந்ததெல்லாம் நான் பேசினது. செஞ்சியிலருந்து நான்தான்.

நான் ஒளிச்சுப் பேச மாட்டேன் சார். அது என் தொழில்லயே வந்த பழக்கம். தோல் கம்பெனியில செலக்ஷன்ல இருக்கேன், இருபத்திமூணு வருஷம். பதம் பண்ண தோல் மேசைக்கு வரும். வெளிச்சத்துல விரிச்சு, தடவிப் பாக்கணும். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறினது, உரிக்கும்போது கத்தி பட்டது, எல்லாத்தையும் சாக்பீஸால வட்டம் போட்டுடணும். நாம போடலைன்னா வாங்கறவன் போடுவான். சரக்கு திரும்பி வரும். திரும்பி வந்த சரக்குக்கு மதிப்பு இல்லை. பொண்ணு விஷயமும் அதானே. கட்டிக்கினு போயி, "இதை ஏன்டா சொல்லலை?" அப்படின்னு திருப்பி அனுப்பினா? நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க.

அதனால பையனைத் தனியா இட்டுக்கினு போய் சொல்லிடுவேன். இன்னா சொல்லுவேன்னா, சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு. ஒம்போது வயசுல, ரெண்டு தடவை. அதுக்கப்பறம் வரலை. வரலைங்கறதையும் சொல்லுவேன், கேட்டா. கேக்காதவங்ககிட்ட எதுக்கு வளத்தறது? அப்பறம் எடது காது கொஞ்சம் மந்தம். அப்பறம், எங்களை விட்டுட்டு அவளால இருக்க முடியாது, கல்யாணம் ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை வந்து நிப்பா, பாத்துக்கங்கன்னு சொல்லுவேன். இது மூணும்தான். பொய் ஒண்ணு கூடக் கிடையாது. வண்டலூர்ல ஒரு பையன், பேங்குல வேலை, ரொம்பப் புடிச்சிருந்துச்சு அவனுக்கு. ஒட்டகச்சிவிங்கியைப் பாத்துக்கினே எல்லாத்தையும் கேட்டுக்கினான். போன் பண்றோம்னாங்க. பண்ணலை. பாருங்க, எவ்ளோ நல்லதாப் போச்சு. கட்டின அப்பறம் தெரிஞ்சிருந்தா?

இன்னைக்கு வந்தவரு பேரு ஞானவேல். போளூர்ல மோட்டாருக்கு காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. நாப்பத்திரண்டு வயசு. மூணு தங்கச்சிங்களைக் கட்டிக் குடுத்துட்டு நிமிர்ந்து பாத்தா தலையில பாதி வெள்ளை. கூட அவங்க அம்மா, அலமேலு அம்மான்னு. ரெண்டு பேர்தான். ஆம்னி வேன்ல வந்தாங்க, அவரே ஓட்டிக்கினு. இந்த இடத்தைச் சொன்னது சுகந்தி கம்பெனியில இருக்கற ஒருத்தரு. ஒரு மாசம் முன்னாடி ஜாதகமும் சுகந்தி போன் நம்பரும் குடுத்தோம். என் போன்ல சார்ஜே நிக்கறதில்லை, அதனால அவ நம்பரு.

பத்து மணிக்குக் கொடிமரத்துகிட்ட. "அட, நீங்களா"ன்னேன். அந்தம்மா, "ஆமாம் தம்பி, உங்களைத்தான் பாக்க வந்தோம்"னு சொல்லிட்டாங்க. அப்படிச் சொல்லக் கூடாது. வழக்கம் தெரியலைன்னு நெனைச்சேன். சரி, கல்யாண மண்டபத்தைப் பாக்கலாம்னு இட்டுக்கினு போனேன். கல்லுத் தூண்ல குதிரை, யாளி எல்லாம் செதுக்கி வெச்சிருப்பான், பாத்திருப்பீங்க. எல்லாரும் பாத்தோம். நானும் பாத்தேன்.

அப்பால மதில் மேல நடந்தோம். கூட வந்த எங்க பாப்பா தர்ஷினிக்கு சுகந்தி சொல்லிக்கினு வர்றா, இந்த அகழியில அந்தக் காலத்துல முதலை விட்டிருந்தாங்க, அந்தப் பக்கம் இருக்கறது திப்பு மகால், திப்பு சுல்தான் பசங்களை அங்கதான் வெச்சிருந்தாங்க, சிப்பாய்ங்க எழுந்து சண்டை போட்டது இந்த எடம்னு. அந்த ஞானவேல், "நீங்க டீச்சருங்களா?" அப்படின்னாரு.

"இல்லைங்க, இதோட அஞ்சு தடவை வந்திருக்கேன். போர்டெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு"ன்னா.

அஞ்சு தடவை எதுக்கு வந்தான்னு அவருக்குத் தெரியாதா? இதெல்லாம் வெளிய சொல்ற பேச்சா சார்? எனக்குக் கூசிப் போச்சு. அந்த மனுஷன் இன்னா சொல்றாரு, "எனக்கு இது பதினொண்ணு. எங்களுக்கு எப்பவும் திருவண்ணாமலை கோயில்தான். அங்க ஆனைக்கு என்னைத் தெரியும்."

சுகந்தி சிரிச்சா. வாயைப் பொத்திக்காம சிரிச்சா. அவ சிரிச்சு நான் கேட்டு எத்தனை நாளாச்சுன்னு யோசிச்சேன், ஞாபகம் வரலை. அந்தச் சிரிப்பு எனக்கு ஒத்துக்கலை சார். பயம்னே சொல்லலாம். எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தோணறதில்லை, சந்தோஷம் துக்கம் எதுவும் வந்து ஒட்டறதில்லை. ஆனா அது பயம்தான். குறையைச் சொல்றதுக்கு முன்னாடி பேச்சு கையை மீறிப் போயிடுமோன்னு பயம்.

வழக்கமா பதினொண்ணரைக்குள்ள முடிஞ்சிடும். மியூசியம் பாப்போம், வெளிய வந்து ஒரு காப்பி, நான் பையனை இட்டுக்கினு போய்ப் பேசிடுவேன், அவங்க பஸ் அவங்களுக்கு, எங்க பஸ் எங்களுக்கு. இன்னைக்கு மியூசியத்துல அவரைத் தனியா இட்டுக்கினு போகவே முடியலை. பாப்பா அவரு கையைப் புடிச்சுக்கினு, அந்தக் கத்தி இன்னா, இந்தத் துப்பாக்கி இன்னான்னு கேட்டுக்கினே இருக்கா. வெளிய வந்தா அந்தம்மா, "பாப்பா மிருகம் பாக்கணும்னு சொல்லுது, அமிர்தி இங்கிருந்து எவ்ளோ தூரம், வண்டியிலயே போயிட்டு வந்துடலாம் தம்பி"ங்கறாங்க. நான் வேணாம்னேன். ரெண்டு வூடும் ஒரே வண்டியில போறது பழக்கமில்லை. அதுக்குள்ள சுகந்தி வண்டியில ஏறி உக்காந்துட்டா. கேக்கவே இல்லை என்னை.

அடுக்கம்பாறை தாண்டி, கணியம்பாடியில திரும்பி, மலை அடிவாரத்துல வந்து சேர்ந்தோம். டிக்கெட் எடுத்து உள்ள போனோம். சின்னப் பூங்காதான், வண்டலூர் மாதிரி கெடையாது. புள்ளிமான் இருந்துச்சு. மயில் இருந்துச்சு. முதலை, வாயைத் தொறந்துக்கினு அப்படியே கெடந்துச்சு. "அப்பா, அது உயிரோட இருக்குதா?" அப்படின்னு பாப்பா கேட்டா. இருக்கும்னேன். முள்ளம்பன்றி ஒண்ணு மூலையில போய் ஒட்டிக்கினு இருந்துச்சு. பாப்பா இழுத்து இழுத்துக் காட்டறா. பாத்தேன். பாத்தேங்கறதோட நின்னு போவுது சார் எனக்கு. அதுக்கு மேல உள்ள எதுவும் எறங்கறதில்லை.

கழுதைப்புலி கூண்டுகிட்ட அவரு தனியா மாட்டினாரு. பொம்பளைங்க மூணு பேரும் முயல் பாக்கப் போயிட்டாங்க. கழுதைப்புலி தூங்குது. நான் சொல்லிட்டேன். வலிப்பு, காது, வாரம் ஒரு தடவை வந்து நிக்கறது, மூணும் சொல்லிட்டேன். எப்பவும் சொல்ற மாதிரி, அவரு மூஞ்சியைப் பாக்காம, கம்பியைப் பாத்துச் சொன்னேன். இவரும் கம்பியைப் பாத்துக்கினே கேட்டாரு. நடுவுல ஒரு வார்த்தை பேசலை. மத்தவங்க "ஓ, அப்படிங்களா?" அப்படிம்பாங்க, தொண்டையைச் செருமுவாங்க. இவரு அது கூட இல்லை. நான் முடிச்சதும் கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. அப்பறம், "மணி ஒண்ணாவுது. பிரஷர் மாத்திரை போட்டுட்டீங்களா?" அப்படின்னாரு.

போட்டேன். பையிலருந்து எடுத்துப் போட்டேன். தண்ணி பாட்டில் அவருதான் குடுத்தாரு. எனக்கு பிரஷர் இருக்கறது இவருக்கு எப்படித் தெரியும்னு அப்ப கேக்கத் தோணலை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, இனி போன் பண்றோம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஆறு மணிக்குள்ள வூடு போய்ச் சேர்ந்துடலாம்னு இருந்துச்சு. மனசு லேசா ஆச்சு சார். பொய் சொல்லக் கூடாது, லேசாத்தான் ஆச்சு.

அப்பறம் சாப்பாடு.

எங்க பக்கத்துல ஒரு முறை இருக்கு, உங்க பக்கமும் இருக்கும். பேச்சு முடியற வரைக்கும் அவங்க சோத்துல நாம கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம். பிஸ்கட்டு எடுத்துக்கலாம். சோறு கூடாது. சோத்துல கை வெச்சுட்டா சம்மதம்னு அர்த்தம், பொண்ணு வூடு அப்பறம் வாயைத் தொறக்க முடியாது. அதனால நான் தள்ளி ஒரு புங்க மரத்தடியில துண்டை விரிச்சேன். அவங்க அந்தாண்ட சிமெண்டு பெஞ்சுல உக்காந்தாங்க. சுகந்தி கட்டிக்கினு வந்த புளி சோத்தை எனக்கும் பாப்பாவுக்கும் தட்டுல வெச்சா. அப்பளம் வெச்சா. தண்ணி ஊத்தி வெச்சா. எனக்குப் பக்கத்துல கைக்குட்டை கூட மடிச்சு வெச்சா.

வெச்சுட்டு எழுந்து போனா சார். நேரா அந்தப் பெஞ்சுக்கு. அந்தம்மா டப்பாவை அப்பத்தான் தொறந்தாங்க. இவ பக்கத்துல உக்காந்து, "எனக்கும் கொஞ்சம் போடுங்கம்மா"ன்னா.

அந்தம்மா கரண்டியைப் புடிச்சுக்கினு அப்படியே என்னைப் பாத்தாங்க. ஞானவேல் எழுந்து நின்னுட்டாரு. நான், "சுகந்தி"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

"பசிக்குதுண்ணா"ன்னா. திரும்பிக் கூடப் பாக்கலை. அந்தம்மா போட்டாங்க. எலுமிச்சஞ் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பிட்டா. பாப்பா அவ தட்டைத் தூக்கிக்கினு அத்தைகிட்ட ஓடிட்டா. அவளும் வறுவல் வாங்கித் தின்னா. புங்க மரத்தடியில நான் மட்டும். ஒரு கொரங்கு வந்து துண்டோட ஓரத்தை இழுத்துச்சு, நான் வெரட்டலை. அப்பளத்தை எடுத்துக்கினு போச்சு.

நான் கையைக் கழுவிட்டுப் போனேன். பெரியவங்களுக்குத் தெரியணும் இல்லையா? அந்தம்மாகிட்ட, "உங்க பையன்கிட்ட சில விஷயம் சொல்லியிருக்கேன்மா, நீங்களும் கேட்டுட்டு அப்பறம்..." அப்படின்னு ஆரம்பிச்சேன்.

"எல்லாம் தெரியும் ஏகாம்பரம் தம்பி. போன மாசமே பொண்ணு போன் பண்ணி சொல்லிடுச்சு. வலிப்பு வந்தது, காது, எல்லாம். டாக்டர் சீட்டு கூட அனுப்புச்சு."

அவங்க டப்பாவை மூடிக்கினே சொல்றாங்க, "எங்க அண்ணன் உங்களைத் தனியா இட்டுக்கினு போய் இதெல்லாம் சொல்லும், சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க, பாவம், கேட்டுக்கங்கன்னு சொல்லிச்சு. ஒரு மணிக்கு மாத்திரை போடணும், மறந்துடும்னும் சொல்லிச்சு."

பாவம்னு சொல்லியிருக்கா சார் என்னை. எதுக்குப் பாவம்? நான் இன்னா தப்பு பண்ணேன்? எனக்குப் புரியலை. சொல்ல வேண்டியது என் வேலை. அண்ணன் இருக்கும்போது பொண்ணே போன் போட்டு அவளைப் பத்திச் சொல்லிக்குமா?

மான் கூண்டுகிட்ட அவ கை கழுவ வந்தா. கொழாய் அங்கதான் இருக்கு. கேட்டேன். "ஏன் முன்னாடியே சொன்ன?"

"நீ சொல்லுவேன்னு தெரியும்ணா."

"எப்பலருந்து தெரியும்?"

"செஞ்சியிலருந்து. அந்தப் பையனை நீ படிக்கட்டு பக்கம் இட்டுக்கினு போன. திரும்பி வந்தப்ப அவரு என்னைப் பாக்கலை. காதைப் பாத்தாரு."

செஞ்சிக்கு அப்பறம் அஞ்சு தடவை சார், இன்னையோட. அஞ்சு தடவையும் தெரிஞ்சுக்கினே பொடவை கட்டிக்கினு வந்திருக்கா. ஏன் ஒரு தடவை கூடக் கேக்கலைன்னேன். அவ கொழாயை மூடாம கையைக் காட்டிக்கினே இருக்கா.

"அண்ணி போய் அப்ப பத்து மாசம். தர்ஷினிக்கு ஆறு வயசு. நீ ராத்திரியெல்லாம் உக்காந்துக்கினு இருந்த. எனக்கும் போறதுக்கு மனசு வரலை. வாயைத் தொறந்து மாட்டேன்னு சொல்ல முடியலை. நீ சொல்லி அனுப்பினது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப போணும்ணா."

அவ்ளோதான் சொன்னா. அழுவலை. கோவமும் இல்லை. கொழாயை மூடினா. "தர்ஷினி தானே பின்னிக்கக் கத்துக்கினா, ரெட்டைப் பின்னல் கொஞ்சம் கோணலா வருது, ஆனா வருது"ன்னா. நான் இன்னா கேட்டேன், அவ இன்னா சொல்றா பாருங்க. நான் கம்பிக்கு அந்தாண்ட பாத்துக்கினு நின்னேன். மான் ஒண்ணு யாரோ போட்ட பேப்பரைத் தின்னுக்கினு இருந்துச்சு. யாராவது அதைப் புடுங்கணும்னு தோணுச்சு. நான் போவலை.

எனக்கு ஒண்ணும் தோணலை சார். நிஜமா. கோவம் வரும்னு பாத்தேன், வரலை. என் வூட்டுக்காரி செத்தப்பவும் இப்படித்தான், ஆஸ்பத்திரி வெளிய டீக்கடையில நின்னு டீ குடிச்சேன். குடிச்சேன்னு அப்பறம் சுகந்திதான் சொன்னா.

தை மாசம் வெச்சுக்கலாம்னு அந்தம்மா சொன்னாங்க. சரின்னேன். தட்டு மாத்த வூட்டுக்கே வாங்கன்னேன், இனி கோட்டைக்கு எதுக்கு. வெளிய வண்டிகிட்ட வந்தோம். எல்லாரும் ஏறினாங்க. பாப்பா அத்தை மடியில. நான், வண்டியில எடம் இல்லை, நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடறேன்னேன். எடம் இருந்துச்சு. முன்னாடி சீட்டே காலியா இருந்துச்சு. யாரும் இருக்குதுன்னு சொல்லலை. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்போல.

ஞானவேல் மட்டும் எறங்கி வந்தாரு. பஸ் வர்ற வரைக்கும் பக்கத்துல நின்னாரு. பஸ் திரும்பறப்ப, "வேற ஏதாவது சொல்லணுமா மச்சான்?" அப்படின்னாரு. மச்சான்னு சொல்லிட்டாரு அதுக்குள்ள. கிண்டல் பண்ற மாதிரி இல்லை, நெசமாத்தான் கேட்டாரு. இல்லைன்னுட்டு ஏறிட்டேன். ஏறி உக்காந்தப்பறம்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. சன்னல்ல எட்டிப் பாத்தா வண்டி போயிடுச்சு.

அவ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லை சார். ஒரே வூட்லதான் இருக்கோம், நாலு வருஷமா அவதான் சமைக்கறா. காலையில டப்பா கட்டுவா, ராத்திரி எனக்கும் பாப்பாவுக்கும் போடுவா, நான் கை கழுவிட்டுப் போய் டிவி போட்டுடுவேன். எப்ப சாப்பிடுவா, எதைச் சாப்பிடுவா, நான் திரும்பிப் பாத்ததில்லை. மிச்சம் இருந்துச்சா இல்லையான்னு கூடத் தெரியாது. இன்னைக்குத்தான் பாத்தேன், தூரத்துல இருந்து, புங்க மரத்தடியில உக்காந்துக்கினு. அந்தம்மா போடப் போட வாங்கிக்கறா. சுடச்சுடக் கூட இல்லை, டப்பாவுல ஆறிப் போன சோறு. அவசரப்படாம, ஒவ்வொரு கையா எடுத்துச் சாப்பிடறா.

அதை அவருகிட்ட சொல்லியிருக்கணும். அவளுக்கு எலுமிச்சஞ் சாதம் புடிக்கும்போல கீது சார். மூணு தடவை வாங்கினா.